உட்கார்ந்து எழுந்தால் போகலாம்

எல்லைச் சுங்கச் சாவடி மூங்கிலுக்கு முன்னால் ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் ஒரு வரிசையாகவும் நின்றார்கள். பெண்களில் ஒருத்தி தலைக்கூடையை இறக்கி வைப்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்காருவாள், எழுவாள். மூன்று தடவை. நாற்காலியில் இருந்த நீலகண்டன் இன்ஸ்பெக்டர் அவள் காலடி மண்ணைப் பார்ப்பார். ஒன்றும் விழாவிட்டால் கையிலிருக்கும் பென்சிலை ஆட்டுவார். சேவகர் சிதம்பரநாதன் மூங்கிலைத் தூக்குவார். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரனுடைய காரைக்கால், அந்தப் பக்கம் இந்தியா. மண் இரண்டு பக்கமும் ஒரே நிறம்தான்.

பெண்களைச் சோதிப்பதற்கென்று அமீர் நிஷா என்று ஒருத்தி இருந்தாள். தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மாற்று ஆள் அனுப்புவதாகச் சொன்ன மேலிடம் சொன்னதோடு நின்றது. சேலத்துப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த நீலகண்டனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிற மனிதர். அவர் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்த முறை. புடவைக்குள் எதை மறைத்திருந்தாலும் மூன்று தடவை குந்தி எழுந்தால் நழுவித்தானே ஆகவேண்டும்?

முதல் வாரமே பலன் கிடைத்தது. கனத்த சரீரம் உள்ள ஒரு அம்மாள் இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது கைக்கடிகாரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மேலதிகாரி ஜீப்பில் வந்து நீலகண்டன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த முறையின் மேல் அவருக்குப் பெற்ற பிள்ளையிடம் இருக்கிற பாசமே வந்துவிட்டது. தொடவில்லை, துணியை விலக்கவில்லை, வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண்ணை இதைவிட மரியாதையாகச் சோதிக்க முடியுமா என்று சிதம்பரநாதனைக் கேட்பார். ஆறு பிள்ளைக்குத் தகப்பனான சிதம்பரநாதன், “முடியாதுங்க” என்பார். சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்?

புரட்டாசி மாதத்து முற்பகல் ஒன்றில் முகைதீன் பிச்சையின் ஒற்றை மாட்டு வண்டி சாவடிக்கு வந்தது. வந்தது என்பதைவிட ஊர்ந்தது என்று சொல்வதுதான் சரி. உள்ளே வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் கல்யாணசுந்தரி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மார்போடு ஒட்டி, பிறந்து நாலு நாளான பெண் குழந்தை. வண்டிக்கு முன்னால் அவள் புருஷன் குஞ்சிதபாதம் நடந்து வந்தான். பாதையில் கல் கிடந்தால் பொறுக்கி எறிவதும் பள்ளம் தெரிந்தால் கையைத் தூக்குவதும் அவன் வேலை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன்கூட அவ்வளவு விழிப்பாக இருக்க மாட்டான்.

“பாய், மெல்ல. முன்னால பள்ளம்.”

“இதுக்கு மேல மெல்லப் போனா மாடு தூங்கிப்புடும் தம்பி” என்றார் முகைதீன் பிச்சை. “அது இப்பவே கண்ணைச் சொருகுது.”

குஞ்சிதபாதமும் சுந்தரியும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் வேலை செய்கிறவர்கள். அவனுக்கு ஏர், அவளுக்கு நடவும் களையும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவன் பிறந்தபோது அவளுக்குக் கீழே கிழிந்துவிட்டது. மருத்துவச்சி மஞ்சளை அரைத்து அப்பி, தானாகக் கூடிவிடும் என்றாள். கூடவில்லை. அதன் பிறகு இருமினால் புடவை நனையும், தும்மினால் நனையும், சிரித்தால் நனையும். நடவு வயலில் சிரிக்க வைக்க ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வரிசைக்காரி எதையாவது சொல்ல ஆரம்பித்தாலே சுந்தரி பல்லைக் கடித்துக்கொள்வாள். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்வதைவிட அந்தப் பெயர் மேல் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது பிரசவம் காரைக்கால் ஆஸ்பத்திரியில்தான் என்று அவள் முடிவு செய்தபோது யாரையும் கேட்கவில்லை. மாதம் நெருங்கியதும் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் பாத்திரம் தேய்க்கும் சித்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். டாக்டர் பழைய கிழிசலைப் பார்த்தார். அது மறுபடியும் தாறுமாறாகக் கிழிவதற்கு முன்னால் தாமே கத்திரியால் ஒரு பக்கமாக வெட்டிக் குழந்தையை எடுத்தார். புதியதையும் பழையதையும் சேர்த்து அடுக்கடுக்காகத் தைத்துவிட்டார். சேதி தெரிந்து ஓடிவந்த குஞ்சிதபாதம், கத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரி தன் மாமியாரைப்போல் நடந்து காட்டினாள். சுந்தரி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். தையல் சுரீரென்று இழுத்தது. பயந்துபோய்ப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை வேண்டுமென்றே சிரித்தாள். அப்போதும் உலர்ந்தே இருந்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் பிள்ளை பெற்ற சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல.

நாலாம் நாளே குஞ்சிதபாதம் மறுபடியும் வந்து நின்றான். மூத்தவன் அழுகிறான், நாற்று முற்றுகிறது, மிராசுதாரின் காரியக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றான். ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி அம்மாளுக்கு அனுப்ப மனமில்லை. சுந்தரியின் முழங்கால் இரண்டையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டி, இதை அவிழ்க்காதே, ஒருக்களித்துப் படு, நிற்கலாம், மெல்ல நடக்கலாம், எக்காரணம் கொண்டும் குந்தி உட்காராதே என்று சொல்லி அனுப்பினாள். குந்தினால் பிரிந்துவிடும் என்று இரண்டு கையையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள்.

ஆகவே சாவடியில் வண்டியிலிருந்து இறங்கிய சுந்தரி, கட்டிய முழங்காலோடு குழந்தையை அணைத்துக்கொண்டு, கோழிக்குஞ்சு நடை நடந்து வரிசைக்கு வந்தாள். நீலகண்டன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஒரு பெண் தொடை இரண்டையும் அப்படி இடுக்கிக்கொண்டு நடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சாவடியில் எல்லோருக்கும் தெரியும்.

“என்னம்மா, காலுக்கு என்ன?”

சுந்தரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் மாட்டைப் பார்த்தான்.

“தையலுங்க” என்றான்.

“எங்க?”

“காரைக்கால்லங்க.”

“ஊரக் கேக்கல. ஒடம்புல எங்க?”

“கீழங்க.”

“கால்லயா?”

“அவ்வளவு கீழ இல்லீங்க.”

“முழங்கால்லயா? கட்டியிருக்கே.”

“அது சும்மா கட்டுனதுங்க. இன்னும் கொஞ்சம் மேலங்க.”

“வயித்துலயா?”

“அவ்வளவு மேல இல்லீங்க.”

நீலகண்டனின் பென்சில் காற்றில் மேலும் கீழும் போய்வந்து கடைசியில் நடுவில் நின்றது. நின்ற இடம் புரிந்ததும் அதை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காது இரண்டும் சிவந்தன. வரிசையில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

வெட்கம் தணிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. யாராலும் பார்க்க முடியாத இடத்தில் ஒரு காரணம். பார்க்க முடியாது, கேட்க முடியாது, வெளியில் சொல்லவும் முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். “பிள்ளப்பேறுல அப்பிடி ஆகுறதுதானுங்க.”

“ஆறு பெத்தவராச்சே, உம்ம வீட்டுல தையல் போட்டாங்களா?”

“இல்லீங்க.”

“கிழிஞ்சுதா?”

சிதம்பரநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆறு தடவையும் வீட்டில் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதே இல்லை. மூங்கில் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

“தையல்னு சொல்றியே, என்ன நூலுல போட்டாங்க?” என்று நீலகண்டன் குஞ்சிதபாதத்திடம் திரும்பினார்.

குஞ்சிதபாதத்துக்கு அது ஒன்றுதான் தைரியமாகச் சொல்லக்கூடிய சங்கதியாக இருந்தது. “சாதா நூல் இல்லீங்க. பட்டுங்க. பிரான்சுலேர்ந்து கப்பல்ல வர்றதாம். அறுந்தே போவாதுன்னு சொன்னாங்க.”

நுணலும் தன் வாயால் கெடும். நீலகண்டன் முகம் இறுகியது. பிரெஞ்சுப் பட்டு தீர்வை கட்ட வேண்டிய சரக்கு. குழந்தைக்குத் தீர்வை கிடையாது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. போகும்போது இல்லாதது வரும்போது இருந்தாலும் குழந்தை குழந்தைதான். நூல் விஷயம்தான் இடித்தது. உடம்புக்குள் தைத்த நூல் சரக்கா, உடம்பா? இதைப்பற்றிப் பரீட்சைக்கு அவர் எதுவும் படித்திருக்கவில்லை.

“நூல விடும். அத அப்புறம் பாப்போம்” என்றார் கடைசியில் சிதம்பரநாதனிடம். “மூணு தடவ ஒக்காந்து எந்திரிக்கச் சொல்லும். போகட்டும்.”

“அதுதான் முடியாதுங்க” என்றான் குஞ்சிதபாதம்.

“ஏன் முடியாது? எல்லாரும் செய்யறாங்களே.”

சுந்தரிக்கு அடுத்து நின்றவள் மண்டபத்தூர் ராஜம். கருவாட்டுக் கூடையோடு நாள் தவறாமல் எல்லை தாண்டுகிறவள். நாள் தவறாமல் சாவடியில் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள்.

“ஐயா, நான் நாலு பெத்தவ. தட்டி மறைவுக்குக் கூட்டிப்போயிப் பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுறேன். ரெண்டு நிமிசம்.”

“நீ சொல்லி நான் நம்பணுமா? போன வாரம் உன் கூடையில என்ன இருந்துச்சு?”

“பிளேடு.”

“எப்படி வந்துச்சு?”

“மீனு முழுங்கியிருந்துச்சு ஐயா. நான் என்னா செய்வேன்?”

“அத்தனை பிளேடையுமா?”

“பெரிய மீனு ஐயா. மொகத்துல முடி சாஸ்தி போலருக்கு.”

வரிசை முழுக்கச் சிரித்தது. முகைதீன் பிச்சை மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சுந்தரியும் சிரித்துவிட்டாள். “அக்கா, சிரிக்க வைக்காதீங்க. இழுக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நீலகண்டன் அதைப் பார்த்துவிட்டார். “வலிக்கிறவ சிரிப்பாளா? இப்ப எல்லாம் விளங்கிடுச்சு.”

அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை. ஓரமாக நில் என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினார். கண் மட்டும் சுந்தரியின் புடவைக் கரையைவிட்டு விலகவில்லை. அவர் முன்னால் குந்தியவர்கள் மூன்றுக்குப் பதில் இரண்டு குந்தினார்கள், பிறகு ஒன்று, பிறகு சும்மா குனிந்து நிமிர்ந்தார்கள். அன்றைக்கு அந்த மூங்கிலைத் தாண்டி எத்தனை டார்ச் விளக்கும் சென்ட் புட்டியும் போயினவோ, போனவர்களுக்குத்தான் வெளிச்சம். ராஜம் மட்டும் போகவில்லை. கூடையை நிழலில் தள்ளிவிட்டுச் சுந்தரி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வெயில் ஏறியது. குழந்தை பாலுக்கு அழுதது. சுந்தரி நின்றபடியே ஊட்டப் பார்த்தாள். முடியவில்லை.

“நான் வண்டியில படுத்துக்கிட்டுக் குடுக்குறேனே” என்று கேட்டாள்.

“சோதனை முடியாம வண்டியில ஏறக் கூடாது” என்றார் நீலகண்டன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. முறையைச் சொன்னார்.

சுந்தரி குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

“ஐயா, ஒங்களுக்கு என்னா வேணும், கீழ விழணும். அவ்வளவுதான்? நான் படுத்து உருளுறேன். இந்த மூங்கிலேர்ந்து அந்த மரம் வரைக்கும் அங்கப்பிரதட்சணம் பண்றேன். இருந்தா விழுந்துடும்ல?”

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. சிதம்பரநாதன்கூட மண்ணில் கிடந்த முள்ளைக் காலால் ஒதுக்கத் தொடங்கினார். நீலகண்டன் தலையை ஆட்டினார்.

“உருண்டா எப்படி விழும்? எல்லாம் புடவைக்குள்ளேயே உருளும். ஒக்காரணும். முறைன்னா எல்லாருக்கும் ஒரே முறைதான். உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு வச்சா நாளைக்கு என்னை யார் மதிப்பா?”

முகைதீன் பிச்சை குஞ்சிதபாதத்தைத் தனியே அழைத்தார். வண்டியை அடுத்த வாடகைக்குக் கொண்டுபோக வேண்டும், மாட்டுக்கும் தண்ணீர் காட்டவில்லை என்றார். குஞ்சிதபாதம் வெயிலைப் பார்த்தான், அழுகிற குழந்தையைப் பார்த்தான். விடிந்தால் நாற்றுப் பறி. அவன் போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காமலா இருக்கும்? இன்ஸ்பெக்டரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னான். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் தாடையைத் தடவிவிட்டு ஒரு விரலைக் காட்டினார். குஞ்சிதபாதம் பாதி வரம் கிடைத்தவன்போல் திரும்பி வந்தான்.

“ஒரே தடவ போதும்னுட்டாரு. நம்மளுக்காவ ரெண்டு தடவ விட்டுக்குடுத்துருக்காரு. ஒக்காந்து எந்திரிச்சிரு சுந்தரி, வீட்டுக்குப் போயிரலாம்.”

“பிரிஞ்சிடும்.”

“பட்டு நூலு. அறுவாதுன்னாங்கள்ல?”

“நூலு அறுவாது. சதைதான் அறுந்துபோவும்” என்றாள் சுந்தரி. “எனக்குப் பழயபடி ஆவக் கூடாது. மூணு வருசம் நான் எப்பிடி இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வருஷமும் ஒரே பாயில் படுத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் கேட்காமலேயே இருந்துவிட்டான். குழந்தை விக்கி விக்கி அழுதது.

சுந்தரி குழந்தையை ராஜத்திடம் கொடுத்தாள். நீலகண்டன் முழங்கால் கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். சுந்தரி திரும்பி நின்று புடவைக்குள் கைவிட்டு அவிழ்த்தாள். துணியின் ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. அதைச் சிதம்பரநாதன் வாங்கி நீலகண்டன் மேஜை மேல் வைத்தார். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுந்தரி மெல்ல இறங்கினாள். பாதியில் நின்றாள்.

“முழுசா” என்றார் நீலகண்டன், மண்ணைப் பார்த்தபடி.

முழுதாக உட்கார்ந்தாள். ஆரக்காலைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. பிறகு ராஜம் ஒரு கையால் தோளைத் தாங்கித் தூக்க, எழுந்தாள்.

நீலகண்டன் குனிந்து பார்த்தார். கடிகாரம் இல்லை, பேனா இல்லை. சிவப்பாக இரண்டு சொட்டு இருந்தது. மூன்றாவது விழுந்தபோது பார்வையை மூங்கில் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல. போகலாம்” என்றார். சிதம்பரநாதனிடம் குரலைத் தாழ்த்தி, “ஒக்கார முடியுது பாரும். இதுக்கா இத்தனை நேரம்?” என்றார்.

மூங்கில் மேலே போயிற்று. முகைதீன் பிச்சை வைக்கோலைத் தட்டிச் சரிசெய்தார். “ஏறு தங்கச்சி. அல்லா காப்பாத்துவான்.”

“வண்டியத் திருப்புங்க பாய்” என்றாள் சுந்தரி.

“வீடு அந்தாண்டல்ல இருக்கு?” என்றான் குஞ்சிதபாதம்.

“ஆஸ்பத்திரிக்கு. தையல் விட்டுப்போச்சு.”

விடிந்தால் நாற்றுப் பறி என்று சொல்ல வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை வண்டியில் ஏற்றினான், ராஜத்திடமிருந்து குழந்தையை வாங்கி அவள் மார்போடு கிடத்தினான். முகைதீன் பிச்சை அடுத்த வாடகையைப் பற்றிப் பேசவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைத் திருப்பினார். குஞ்சிதபாதம் முன்னால் ஓடிக் கல் பொறுக்கத் தொடங்கினான்.

நீலகண்டன் நாற்காலியிலிருந்து எழுந்து கையை வாயருகே வைத்துக் கூப்பிட்டார். “யோவ், திரும்பி வர்றப்ப மறுபடியும் சோதனை உண்டு. அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. மூணு தடவ.”

சிதம்பரநாதன் மூங்கிலை இறக்கிக் கட்டினார். காலால் மண்ணை இழுத்து அந்தச் சொட்டுகளை மூடினார்.

அடுத்து ராஜம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூடிய இடத்தை மிதிக்காமல் கொஞ்சம் தள்ளிக் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள்.